நடையைக் குறைப்பது அலமாரியின் வேலை

தீபாவளி நெருங்கும்போது பாடாங் செராயில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். முறுக்கு மாவுக்குப் பக்கத்திலேயே எண்ணெயும் எள்ளும் ஓமமும் இருக்கும். எதை வாங்குபவர் எதைச் சேர்த்து வாங்குவார் என்பது கடைக்காரருக்கு அனுபவப் பாடம்.

ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ள கிடங்கில் இந்த அனுபவம் மட்டும் போதாது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அன்று பெற்றோர் பால்மரம் வெட்ட நிரை நிரையாக நடந்தார்கள். இன்று பிள்ளைகள் கிடங்கு அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். பொருள் எடுப்பவரின் வேலை நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே கழிகிறது என்கின்றன துறைப் பாடநூல்கள்.

இந்த நடையைக் குறைக்க வழி உண்டா? 100 ஆர்டர்கள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு மாவு 20இலும் எண்ணெய் 40இலும் இருக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால், சுமார் 8 ஆர்டர்களில் சேர்ந்து வரலாம். ஆனால் 18இல் சேர்ந்து வந்தால்? அவை கூட்டாளிகள், பக்கத்தில் வையுங்கள். சீனி 70இலும் சவர்க்காரம் 60இலும் இருந்து, 42இல் சேர்ந்து வந்தால் அது உறவல்ல. இரண்டுமே அதிகம் விற்பவை, அவ்வளவுதான். அவற்றை வாசலருகே வைத்தால் போதும்.

இப்படிப்பட்ட கூட்டாளிகளை விரைவாகத் தேடும் 'ஏப்ரியோரி' முறையை 1994இல் ராகேஷ் அகர்வாலும், சென்னை ஐஐடியில் படித்த ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் வெளியிட்டார்கள். அதன் சூட்சுமம் எளிது. தனியாகவே அரிதாக விற்கும் பொருள், எந்தக் கூட்டத்தில் சேர்ந்தாலும் அந்தக் கூட்டமும் அரிதுதான். அதனால் அதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

ஆனாலும் கணினி எல்லாம் அறிந்ததல்ல. 20 பொருள்களை 20 இடங்களில் அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையே 19 இலக்க எண். பெரிய கிடங்கில் எல்லா வழிகளையும் எந்தக் கணினியாலும் சோதித்துப் பார்க்க முடியாது. ஓரளவு நல்ல விடையைத்தான் அது தரும். வேகமாக விற்பவை எல்லாம் ஒரே சந்தில் குவிந்தால் ஆட்கள் இடித்துக்கொள்வார்கள். அரிசி மூட்டை தலைக்கு மேலே போனால் முதுகு உடையும். பண்டிகை முடிந்தால் கூட்டாளிகளும் மாறுவார்கள். இதையெல்லாம் முதலில் கண்டுகொள்பவர் நடப்பவர்தான். அவரைக் கேட்காமல் போடும் கணக்கு அரைக்கணக்கு.

என் கருத்து இதுதான்: "ஏன் தாமதம்?" என்று தொழிலாளியைக் கேட்பதற்கு முன், "இந்தப் பொருள் ஏன் அங்கே இருக்கிறது?" என்று நிர்வாகம் தன்னையே கேட்க வேண்டும். அப்படிக் குறைத்த நடையை மறுநாளே கூடுதல் இலக்காக மாற்றிவிட்டால், கால்களுக்கு என்ன லாபம்? மிச்சமான நேரத்தில் ஒரு பங்காவது நடந்தவருக்கு ஓய்வாகச் சேரட்டும். உங்கள் வீட்டிலும் கிடங்கு வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்றிரவு கேட்டுப் பாருங்கள்: எந்த அலமாரிக்கு அதிகம் நடந்தாய்?