மலைத் தோட்டப் பெண்களின் அசதியும் ஆகார மாற்றமும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தேனி மாவட்டத்தை அடுத்து அமைந்துள்ள சின்னக்கானல், தேயிலையும் ஏலமும் விளையும் மலையூராகும். அதன் தோட்டங்களில் உழைப்போருள் தமிழ் பேசுவோர் மிகப் பலர். தலைமுறைகளுக்கு முன் சமவெளியிலிருந்து மலையேறி லயங்களில் குடியமர்ந்தோர் ஒரு சாரார். போடிமெட்டுச் சாலை வழியாக விடியற்காலையில் ஜீப்பில் ஏலக்காட்டிற்கு வந்து மாலையில் திரும்புவோர் மற்றொரு சாரார். இத்தகைய ஊர்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியரின் செவியில் அடிக்கடி விழும் சொல் "அசதி" என்பதாகும். காய்ச்சலில்லை, வலியில்லை, ஆயினும் கொழுந்துக் கூடையைத் தூக்கக் கை எழவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு முறை தவறுகிறது, தலைமயிர் உதிர்கிறது என்பர் பெண்கள்.

இம்முறையீட்டிற்கு மூவகை மறுமொழிகள் வழக்கில் உள்ளன. வீட்டார் சோம்பல் என்பர். மேற்பார்வை பார்ப்போர் வேலைக்குக் கள்ளம் என்பர். சிறிது கற்றவரோ, "ஹார்மோன் கோளாறு, ஆகாரத்தை மாற்றினால் சரியாகிவிடும்" என்பர். மூன்றாவது மறுமொழி முதலிரண்டினும் கருணை மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த ஆகாரத்தை, எதன் பொருட்டு, எந்த வேளையில் மாற்றுவது என்று கூறாத அறிவுரை, கேட்பவளுடைய பணத்தைச் செலவழிக்கச் செய்யுமேயன்றி நோயைத் தீர்க்காது. இன்று அரிசியை அறவே நீக்கச் சொல்வோரும், பொட்டலங்களில் விற்கும் சத்துப் பொடிகளை வாங்கச் சொல்வோரும் மலைமேலும் வந்து சேர்ந்துவிட்டனர்.

அசதி என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. சோகை, தைராய்டுச் சுரப்பியின் குறைவு, நீரிழிவு, காசநோய், கொக்கிப் புழு, மனச்சோர்வு ஆகிய யாவும் இதே முகத்துடன் வரக்கூடியவை. இவற்றுள் எதுவும் இல்லாமலே மாதக் கணக்கில் நீடிக்கும் அசதி நோயும் உண்டு. எனினும் மற்றவை இல்லையெனப் பரிசோதனையால் தெளிந்த பின்னரே அப்பெயரை இடுதல் தகும். ஆகவே ஆகார மாற்றத்திற்கு முற்பட்ட முதற்படி இரத்தப் பரிசோதனையே ஆகும். ஹீமோகுளோபின் அளவும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவும் தெரிந்தால் பாதி வழி கடந்தவாறாம்.

ஆகாரத்தால் அசதி தீர்ந்த வரலாறு ஒன்று தென்னாட்டு மலையோடு நெருங்கிய தொடர்புடையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளிடையே காணப்பட்ட கடுமையான சோகையை ஆராயத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களே அதற்கு மிகுதியாக இரையாயினர். 1929-இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதங்கள் தங்கி, அப்பெண்கள் உண்ட ஆகாரத்தையே எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். பொதுவாகப் "போஷாக்கின்மை" என்று கூறி அவர் அமைந்துவிடவில்லை. ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தார். அன்று அறியப்பட்டிருந்த ஏ, சி வைட்டமின்கள் பயன் தரவில்லை. இறுதியில், மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு நோயாளிகளின் இரத்தத்தை விரைவில் மீட்டது. இச்செய்தி 1931-இல் வெளியாயிற்று. அச்சாற்றில் இருந்த பொருள் பத்தாண்டுகள் கழித்து, 1941-இல், பசலைக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் மாத்திரையில் இரும்புடன் அதுவும் கலந்துள்ளது. எது குறைகிறது என்று கண்ட பின்பே எதைக் கொடுப்பது என்று முடிவு செய்த அம்முறையைத்தான் களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டும்.

மலைத் தோட்டங்களில் முதலில் ஐயுற வேண்டியது இரும்புச் சத்தின் குறைவையே. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணிப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் சோகையுற்றோர் இந்தியாவில் 57 சதவிகிதம், தமிழ்நாட்டில் 53.4, கேரளத்தில் 36.3. கேரளத்தின் எண் குறைவாயிருப்பது கண்டு மலையூர்களிலும் நிலைமை அவ்வாறே என்று கொள்வது தவறு. மாநிலச் சராசரி லயத்துப் பெண்ணின் இரத்தத்தை அளந்து கூறுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும்; ஆணுக்கு 19 போதும். இவ்வளவு மிகுதியாக விதித்ததன் காரணம், அரிசியும் பருப்பும் கீரையும் கொண்ட ஆகாரத்திலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை என்பதே. அச்சிறு பங்கையும் குறைப்பதற்கு மலைமக்களின் கையிலேயே ஒரு பொருள் இருக்கிறது. அது தேநீர்.

தேயிலையிலுள்ள டானின் முதலிய துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு அதனை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் இளம் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அரிசி உணவுடன் பருகிய ஒரு குவளைத் தேநீரே இரும்பின் உறிஞ்சலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. சோகையுற்றோர் இரண்டு குவளை பருகியபோது மூன்றில் இரண்டு பங்கு வீணாயிற்று. அதே ஆய்வில் வைட்டமின் சி சேர்க்கப்பட்டபோது உறிஞ்சல் இரு மடங்கிற்கு மேல் உயர்ந்தது. பால் கலந்தால் இத்தீங்கு நீங்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

தேயிலை பறிப்பவளே தேயிலையால் இரும்பை இழக்கிறாள் என்பது வேதனைக்குரிய செய்தி. ஆயினும் தேநீரை விடும்படி அவளிடம் கூறுவது அறிவுடைமையாகாது. குளிர் மிகுந்த விடியலில் பாலில்லாக் கட்டன் சாயாவும் சர்க்கரையுமே அவளுக்குக் கிடைக்கும் முதற் சூடு. வெறும் வயிற்றில் பருகும் அத்தேநீர் இரும்பைத் தடுப்பதற்கில்லை. வயிற்றில் அப்போது இரும்பே இல்லை. கெடுதல் செய்வது காலைப் பலகாரத்துடனும், பகற்சோற்றை உண்டவுடனும் பருகும் குவளைகளே. உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விட்டால் தீங்கு பெரிதும் குறையும். பணம் வேண்டாத இந்த ஒரு மாற்றத்தைக் கூறாமல், ஆப்பிளும் பாலும் முட்டையும் உண்ணச் சொல்லும் அட்டவணையைச் சுவரில் ஒட்டிச் செல்வதால் யாருக்கு என்ன பயன்?

அட்டவணைகளைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். அவற்றுட் பல சமவெளிக்கென எழுதப்பட்டவை. முருங்கைக் கீரை எல்லா அட்டவணைகளிலும் முதலிடம் பெறுகிறது. ஆனால் குளிர்ந்த உயரங்களில் முருங்கை செழிப்பதில்லை. சந்தையில் வாங்கும் கீரையின் விலையில் வண்டிக் கூலியும் அடங்கும். கேழ்வரகை இரும்பின் களஞ்சியம் எனப் புகழ்வதும் மிகையே. அதன் உண்மைச் சிறப்பு சுண்ணாம்புச் சத்தில் உள்ளது. லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் விளையக்கூடிய தண்டுக்கீரை, மணத்தக்காளி, அவரை ஆகியவையும், கடையில் கிடைக்கும் பயறு, கடலை, நெத்திலிக் கருவாடு ஆகியவையும் இம்மலைக்கு ஏற்றவை. மீனும் இறைச்சியும் தம் இரும்பைத் தருவதோடு, உடனுண்ணும் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பையும் உடலில் சேர்க்கும் தன்மையன. புலால் உண்ணும் குடும்பங்களில் வாரமொருமுறை சமைக்கும் ஈரல், பெரும்பாலும் ஆண்களின் இலைக்கே செல்கிறது. சோகையுற்றவளுக்கு அதில் பங்கு வேண்டுமென்று கூறத் தயங்கலாகாது. சோற்றில் பிழியும் அரை எலுமிச்சம்பழமும், உணவோடு உண்ணும் ஒரு கொய்யாப் பழமும் வைட்டமின் சி-யைத் தரும். 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமிற்கு மேல் உண்டு.

இனி ஹார்மோன் பற்றியது. மலைநாடுகளில் மழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் செல்வதால் முன்கழுத்துக் கழலை தோன்றுவது நெடுநாளாக அறியப்பட்டது. இமயச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பினாலேயே கழலையைப் பெரிதும் குறைக்கலாம் என்று காட்டியது. அதனடியாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. விற்பனை நிலையில் உப்பில் ஒரு கிராமிற்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. 10 கிராம் உப்பிலிருந்து 150 மைக்ரோகிராம் கிடைக்கும். வயது வந்தோரின் அன்றாடத் தேவையும் அதுவே. எனினும் 2018-19-ஆம் ஆண்டு அயோடின் கணிப்பில், போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடெங்கும் 76.3 சதவிகிதமாயிருக்க, தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதமே, மாநிலங்களுள் கடைசி இடம். உப்பு விளையும் நாட்டிலேயே இந்நிலை! போடியிலிருந்து மலையேறும் கல்லுப்பு மூட்டைகளை ஊழியர்கள் ஐயத்துடன் நோக்க வேண்டும். அயோடின் உப்பையும் மூடிய கலத்தில், அடுப்பிற்கு அப்பால் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பதே நலம்.

இரும்பும் தைராய்டும் தனித்தனிக் கதைகள் அல்ல. தைராய்டு ஹார்மோனை உண்டாக்கும் நொதி இரும்பைத் தன்னுள் கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில், இரும்புக் குறைவுற்ற சிறுவர்களிடம் அயோடின் உப்பு முழுப் பயன் தரவில்லை. இரும்பும் கொடுத்தபின் கழலை நன்கு குறைந்தது. மறுபுறம், தைராய்டு குன்றினால் பல பெண்களுக்கு மாதவிலக்கில் இரத்தப்போக்கு மிகுகிறது. அதனால் இரும்பு மேலும் குறைகிறது. இச்சுழலில் அகப்பட்டவளிடம் ஒன்றை மட்டும் சோதித்து அனுப்புவது அரைகுறைப் பணியாகும்.

ஆகாரத்தின் எல்லையையும் ஒளிக்காமல் கூற வேண்டும். எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வயது வந்தோருள் சுமார் 11 சதவிகிதத்தினருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது. பெரும்பாலாருக்கு அது தொடக்க நிலையிலேயே இருந்தது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில், உடலின் தற்காப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது இதன் முக்கியக் காரணம். இதனை எந்தக் கீரையும் மாற்றுவதில்லை. அளவுக்கு மீறிய அயோடின் தீங்கும் செய்யும். மருத்துவர் விதித்த தைராக்ஸின் மாத்திரையை, "உணவாலேயே குணமாகும்" என்ற சொல்லை நம்பி நிறுத்துவோர் உளர். அது பேராபத்து. அம்மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்தே தேநீரோ உணவோ கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையும் உண்பவர் இரண்டிற்குமிடையே நான்கு மணி நேரம் விடுதல் அவசியம். முட்டைக்கோசும் மரவள்ளிக் கிழங்கும் தைராய்டைக் கெடுக்கும் என்ற அச்சமோ, வேகவைத்து மிதமாக உண்போருக்கு, உப்பில் அயோடின் இருக்கும்வரை, தேவையற்றது.

ஹீமோகுளோபின் 12 கிராமிற்குக் கீழிருந்தால் சோகை. 8 கிராமிற்குக் கீழிருந்தால் கடுஞ்சோகை. கடுஞ்சோகையைக் கீரையால் தீர்க்க முற்படுவது காலத்தை வீணாக்குவதாகும், மருத்துவமனையே புகல். இலேசான சோகையிலும் மாத்திரை முன்னே செல்ல, ஆகாரம் பின்னின்று காக்க வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் குடலில் கொக்கிப் புழு இருக்குமாயின், அதை நீக்காமல் ஊட்டும் இரும்பு ஓட்டைப் பானையில் வார்த்த நீராகும்.

ஆசிரியர்களின் பங்கு இங்கு சிறிதன்று. 2018-இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டத்தின்படி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரமொருமுறை வழங்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. வெறும் வயிற்றில் உண்டு குமட்டல் கண்ட பெண், அடுத்த வாரம் அதை ஜன்னலுக்கு வெளியே எறிவாள். மதிய உணவிற்குப் பின், ஆசிரியர் கண்முன்னே, தண்ணீருடன் உண்ணச் செய்து, தேநீர் இடைவேளையைச் சற்றுத் தள்ளினால் போதும். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றும் முன்கூட்டியே கூறிவிடலாம்.

இவ்வளவையும் கூறியபின், கேட்பவளின் நாளையும் கூலியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் கிளர்ந்தபோது, தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாய். அதன்பின் 301 ஆயிற்று. இருளில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலைச்சரிவில் நிற்பவளிடம், "வேளை தவறாமல் உண்" என்று கூறுவது எளிது. 150 தொழிலாளருள்ள தோட்டங்களில் சிற்றுண்டிச்சாலை அமைக்கச் செய்யும் அதிகாரத்தை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே மாநில அரசுகளுக்கு அளித்தது. உண்ணும் வேளையை நிர்ணயிப்பது அவள் மட்டுமன்று. வேலை நேரத்தை வகுப்போருமே. ஆகவே ஊழியர்கள் தோட்ட நிர்வாகத்தாரிடமும் பேச வேண்டும். பகல் உணவு நேரத்தில் தேநீருக்குப் பதிலாகக் கேரள வழக்கப்படி சீரகம் இட்டுக் காய்ச்சிய வெந்நீரை வைத்து, தேநீரைப் பிற்பகல் இடைவேளைக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம்.