பவர் ஸ்டீயரிங் ஆடம்பரமா?

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் அந்தக் காலத்து பஸ் டிரைவர்களைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். "அப்பல்லாம் பவர் ஸ்டீயரிங் ஏது? எல்லாம் தோள்பலம்தான். இப்போ ஒரு விரலால ஓட்டறாங்க" என்பார்கள். சொல்லும்போது ஒரு பெருமை இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் டெப்போ ஒர்க்ஷாப்பில் குப்பை கொட்டியவன் நான். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை. அது அந்த டிரைவர்கள் தலையில் கட்டப்பட்ட கஷ்டம். தவிர்த்திருக்கக்கூடிய கஷ்டம் என்பது என் கட்சி.

ஸ்டீயரிங் என்றால் கையில் பிடிக்கிற வட்டம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கிறது. வட்டத்தைத் திருப்பினால் அதன் தண்டு ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் இருக்கும் திருகை நகர்த்தும். பாக்ஸுக்கு வெளியே தொங்குகிற டிராப் ஆர்ம் அசையும். அது டிராக் லிங்கைத் தள்ள, ஒரு பக்கத்து முன்சக்கரம் திரும்பும். டை ராடு மறுபக்கத்துச் சக்கரத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மூட்டுக்கு மூட்டு ஒரு பால் ஜாயிண்ட், நம் இடுப்பு மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள் குண்டு.

ஆள் நிறைந்த பஸ்ஸில் முன் ஆக்ஸில் மேல் நாலைந்து டன் உட்கார்ந்திருக்கும். அதைக் கையால் திருப்ப வேண்டுமென்றால் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், சுற்றும் அதிகம் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுத்து வரிசையில் விடுவதற்குள் சட்டை நனைந்துவிடும். குழியில் சக்கரம் இறங்கினால் வட்டம் வெடுக்கென்று திருப்பி அடிக்கும். பழைய டிரைவர்கள் கட்டைவிரலை வட்டத்துக்கு உள்ளே கோத்துப் பிடிக்கமாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? விரல் போய்விடும் என்ற பயம்.

இதற்கு வைத்தியம் நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர் பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இருந்தவர். கனமான வண்டியைத் திருப்ப டிரைவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார். 1926லேயே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. 1934ல், செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டது. பிறகு போர்க்கால ராணுவ வண்டிகளுக்குப் பயன்பட்டது. கடைசியில் 1951ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. இம்பீரியல் என்பது பணக்காரர் வண்டி. லாரி டிரைவரின் தோளை நினைத்து ஆரம்பித்த சாமான் முதலில் முதலாளியின் காருக்குப் போய்ச் சேர்ந்தது. 'ஆடம்பரம்' என்ற பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சரி, அது வெளியூர் சரக்கு, நமக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. நம் ஊர் ரானே கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1929ல் மெட்ராஸில் மோட்டார் வண்டியும் உதிரி பாகமும் விற்கும் வியாபாரமாக ஆரம்பித்தது. 1960 வாக்கில் ஸ்டீயரிங் பாகங்களைத் தாங்களே செய்ய இறங்கினார்கள். டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் என்று வேளச்சேரியிலிருந்து நாடு முழுக்கப் போயிற்று. 1987ல் அமெரிக்க டி.ஆர்.டபிள்யூ. கூட்டோடு பவர் ஸ்டீயரிங்குக்கென்றே தனிக் கம்பெனி. மயிலுக்குப் பேர்போன விராலிமலைப் பக்கம் அதன் தொழிற்சாலை. அந்த ஸ்டீயரிங் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 2005லும், அதற்கும் மேலான டெமிங் கிராண்ட் பரிசை 2012லும் வாங்கியது. 2015ல் டி.ஆர்.டபிள்யூ.வை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியதால் இப்போது பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. வேலை அதேதான்.

ஆக, சாமான் உண்டு, செய்யத் தெரிந்த கைகளும் இங்கேயே உண்டு. ஆனாலும் நான் வேலை பார்த்த இடத்தில் அதற்குப் பிறகும் பல வருஷம் பவர் ஸ்டீயரிங் இல்லாத பஸ்களே வந்து இறங்கின. கேட்டால் மூன்று பதில் தயாராக இருக்கும். ஒரு பஸ்ஸுக்கு இவ்வளவு கூடுதல் என்றால் மொத்தம் எவ்வளவு ஆகும்? பம்பு, ஹோஸ், ஆயில் லீக் என்று யார் பார்ப்பது? டிரைவர்களுக்குத்தான் பழகிவிட்டதே?

முதல் இரண்டும் நியாயமான கேள்விகள். செலவு உண்டு, பராமரிப்பும் உண்டு. இன்ஜின் நின்றால் பம்பு நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஆகவே டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டுகிற பழக்கத்தை அடியோடு விட வேண்டும். இவையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வருகிற விஷயங்கள். பவர் ஸ்டீயரிங் வண்டிகள் வந்தபோது எங்கள் மெக்கானிக்குகள் சில மாதங்களில் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது பதில்தான் என்னால் ஜீரணிக்க முடியாதது. பழகிவிட்டதாம்! தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழும்பாமல், குளிக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொருவரை எதிர்பார்த்த டிரைவர்களை எனக்குத் தெரியும். ஐம்பது வயதில் 'லைட் டூட்டி' கேட்டு மனு எழுதுவார்கள். அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது? பஸ்ஸின் விலை ஒரு பைலில் இருந்தது, டிரைவரின் தோள் இன்னொரு பைலில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை. போதாததற்கு, எட்டு மணி நேரம் மல்லுக்கட்டிக் களைத்த கையில்தான் அறுபது பயணிகளின் உயிரும் இருந்தது.

இதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். 2025 அக்டோபர் முதல் புதிதாகத் தயாராகும் லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "லாரிக்காரனுக்கு எதுக்கு ஏ.சி.? தூங்கிடுவான்" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னவர் பாங்க் மேனேஜராக இருந்தவர். தன் அறையில் ஏ.சி. போட்டபோது தூங்கிவிடுவோம் என்று அவர் வேண்டாமென்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை!

இன்று சின்னக் கார்களில்கூட மின்சார மோட்டார் வைத்த ஸ்டீயரிங் சாதாரணமாகிவிட்டது. யாரும் அதை ஆடம்பரம் என்பதில்லை. நாம் உட்காரும் சீட்டில் இருப்பது வசதி, அடுத்தவர் சீட்டுக்குக் கேட்டால் ஆடம்பரம் என்பது என்ன கணக்கு? ஒரு பொருள் அவசியமா என்பதை முடிவுசெய்யும் கூட்டத்தில், அந்தச் சீட்டில் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிற ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.