ஒரே வண்டிக்கு ஐந்தும் மூன்றும்



அல்லாஹ் பரக்கத் செய்த வீடுகளில் ஏழு பேர் அமரும் எஸ்.யு.வி. வாகனம் வாங்குவது இன்று பெருகிவிட்டது. நிறத்தையும் மைலேஜையும் விசாரிப்பதோடு, "ஐந்து நட்சத்திரம் உண்டா?" என்றும் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். யாருக்கு ஐந்து என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனை முடிவில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்கள் கிடைத்தன. குழந்தைகளின் பாதுகாப்புக்கு மூன்றே! விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? மறு ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் அமைப்பு, அங்கே விற்கப்படும் ஸ்கார்பியோவுக்கு ஒரு நட்சத்திரமும் வழங்கவில்லை. ஆபத்து வேளையில் தானாகவே பிரேக் பிடிக்கும் கருவி போன்றவற்றையும் அவர்கள் கணக்கில் கொள்கின்றனர். அவை அதில் அப்போது இல்லை.

சோதனையில் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வண்டியைத் தடுப்பின்மீது மோதவிடுகின்றனர். முன்னிருக்கைகளில் பெரியவர் அளவில் இரு பொம்மைகள். பின்னிருக்கையில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இரண்டு; அவை குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட இருக்கைகளில் கட்டப்பட்டிருக்கும். மூன்றாம் வரிசையில் எவரும் இல்லை. நம் வீடுகளிலோ, நிக்காஹ் வீட்டுக்குப் புறப்பட்டால் பிள்ளைகள் அத்தனை பேரையும் அடைத்து ஏற்றுவது அங்கேதான்!

கைக்குழந்தையோ முன்னிருக்கையில், உம்மாவின் மடியில். பெற்றவளின் பிடியினும் பத்திரமான இடம் உண்டோ என்று எண்ணுகிறோம். 64 கி.மீ. வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 16 மீட்டர் உயர மினாராவின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். வண்டி அரை மீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொண்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கரங்களுக்கு அது இயலும்? அவளும் பெல்ட் அணியாதிருந்தால், அவள் உடலே குழந்தையை நசுக்கிவிடும்.

சஃபர் துஆ ஓதிவிட்டோமே என்பீர்கள். ஓதத்தான் வேண்டும். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்ததை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சீட் பெல்ட்டும் அத்தகைய கயிறுதான்.

கைக்குழந்தையின் இருக்கையை இரண்டாம் வரிசையில், பின்நோக்கியவாறு பொருத்துங்கள். முன்னால் ஏர்பேக் இயங்கும் இடத்தில் அதனை வைத்தல் கூடவே கூடாது. விரியும் பையே குழந்தைக்கு எமனாகும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டின்றி ஏற்றிச் சென்றால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் முடிவுகளிலும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள் உண்டு. முன்பணம் கட்டுமுன் இரண்டாவதை முதலில் படியுங்கள். குழந்தை இருக்கையைக் கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.