நம் புகாருக்கு ஸனது உண்டா?



அண்மையில் என் மாணவர் ஒருவரின் தந்தை கோவையில் வாடகை வீடு தேடி அலைந்தார். ஓரிடத்தில் முன்பணம் வரை பேசி முடித்த பின்னர்தான் உரிமையாளர் பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும், அந்த வீட்டை நேற்றே வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகப் பதில் வந்தது. மறுவாரமும் வாடகைப் பலகை அங்கேயே தொங்கியது. “எங்கேனும் எழுதி வைத்தீர்களா?” என்று கேட்டேன். “எழுதி என்ன ஆகப்போகிறது, ஹஜ்ரத்?” என்றார்.

அவருடைய சலிப்பு நியாயமற்றதன்று. மதத்தின் பெயரால் காட்டப்படும் சகிப்பின்மையையும் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 1981 நவம்பர் 25 அன்று நிறைவேற்றியது. அதற்கு முரணான செயல்களைக் கண்காணிக்க 1986இல் சிறப்பு அறிக்கையாளர் என்னும் பொறுப்பு உருவானது. அப்பொறுப்பில் இருந்த துனீசியாவின் அப்துல் ஃபத்தாஹ் அமோர் 1996 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்து சென்றார். ஓராண்டு நிறைவதற்குள் நம் கோவை எரிந்தது. 1997 நவம்பர் இறுதியில் நம் சமூகத்து இளைஞர்கள் சிலரால் ஒரு காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த வன்முறையில் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன.

பின்னர் 2008 மார்ச்சில் பாகிஸ்தானைச் சேர்ந்த வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் அதே பொறுப்பில் இந்தியா வந்தார். பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைக்கலாகாது என்று அவரது அறிக்கை பரிந்துரைத்தது. எனினும், 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி, இஸ்லாத்தையோ கிறிஸ்தவத்தையோ தழுவிய தலித் மக்களுக்கு அத்தகுதி இன்றும் இல்லை.

அப்படியானால் இந்த அறிக்கைகளால் பயன்தான் என்ன? அறிக்கையாளரிடம் காவல்படை இல்லை, நீதிமன்றமும் இல்லை. அவரிடம் இருப்பது சாட்சியம் ஒன்றே. சாட்சியத்தின் மதிப்பை அறியாத சமூகமா நாம்? ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன், அதை அறிவித்தவர் யார், யாரிடமிருந்து கேட்டார், அவர் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தவர்கள் நம் இமாம்கள். அந்தக் கலையை மத்ரஸாவில் பல ஆண்டுகள் கற்பிக்கும் நாம், வாட்ஸ்அப்பில் வரும் கலவரச் செய்தியை ஸனது இல்லாமலே ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம். உண்மையில் நடந்த அநீதியையோ நாளும் இடமும் குறிக்காமல் மறந்துவிடுகிறோம். பொய்ச் செய்தி ஒன்று கலந்தாலும், மெய்யான பத்துப் புகார்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இன்னொன்றும் உண்டு. அஸ்மா ஜஹாங்கீர் தம் நாட்டில், இறைநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக வாதாடி, அதற்காகக் கொலை மிரட்டலுக்கும் ஆளானவர். நமக்கு நேர்ந்த அநீதியை அவர் எழுதும்போது மகிழ்ந்து, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் பிறருக்கு நேர்வதை எழுதும்போது முகம் திருப்பினால், நாம் கேட்பது நீதியன்று, சலுகை. நமக்கே எதிரானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளையல்லவா?

எனவே என் கோரிக்கை எளியது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். நாள், இடம், பேசப்பட்ட சொற்கள், நேரில் கண்டவர் ஆகியவை அதில் இடம்பெறட்டும். பாதிக்கப்பட்டவரின் இசைவின்றி அவருடைய பெயர் வெளியே செல்லலாகாது. மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும், தேவையெனில் ஐ.நா. அறிக்கையாளருக்கும் அனுப்பத்தக்க தரத்தில் அது அமையட்டும். தனியார் வீட்டு வாடகையில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. நாளை அத்தகைய சட்டம் கேட்டு நிற்கும்போது, கையில் சான்று வேண்டாமா?

அதே பதிவேட்டில் நம்மவர் பிறருக்கு இழைத்த தவறும், பிறர் நமக்குச் செய்த நன்மையும் இடம்பெற வேண்டும். 2022 அக்டோபரில் உக்கடத்தில் கோயில் அருகே கார் வெடித்த சில நாட்களில், ஜமாஅத் பொறுப்பாளர்கள் அந்தக் கோயிலுக்கே சென்று அங்குள்ளோரைச் சந்தித்துப் பேசினர். அதுவும் பதிவுக்குரிய நிகழ்வே.

மாணவரின் தந்தை இப்போது வேறொரு பகுதியில் குடியேறிவிட்டார். அவரை அமரவைத்து, நடந்ததை நாளும் நேரமும் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். உடன் சென்றிருந்த அவருடைய மைத்துனரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். எங்கள் பதிவேட்டின் முதல் பக்கம் அதுதான்.

வஸ்ஸலாம்.