இதெல்லாம் ஒரு பாட்டா?

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒரு குட்டி குருக்ஷேத்திரம். மயூர் விஹார்ல இருந்து குர்கான் வரைக்கும் கார்ல போகணும். யாரோட பாட்டு ஓடணும்ங்கறதுதான் பிரச்சனை. பொண்ணு (பதினோராம் கிளாஸ்) அவளோட கொரியாக்காரப் பசங்க பாட்டைப் போட்டா. ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் வாய் சும்மா இருக்கல.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா? மெஷின் சத்தம்!"

சொல்லி முடிச்ச உடனே எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே வார்த்தையை, இதே கோபத்தோட, நான் 1993ல ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் ஜாஸ்தி. கொசுவத்தியைச் சுத்திடறேன், பொறுத்துக்குங்க.

பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சப்ப நாங்க ஒரு மெல்லிசைக் குழு வச்சிருந்தோம். குழுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. அஞ்சு பேரு, ஒரு கிட்டாரு, ஒரு கீபோர்டு, வாடகை மைக் செட்டு. நான் டிரிபிள் காங்கோ. கிட்டார் வாசிச்சவன் என் உயிர்த்தோழன். கொடை சீசன்ல சுத்துப்பட்டு ஊர் கோயில் எல்லாம் போயி வாசிப்போம். ராத்திரி ரெண்டு மணிக்கு புரோட்டாவும் சால்னாவும், கையில கொஞ்சம் காசு. ரெக்கார்டிங் கடையில பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, கேசட் வாங்கி, நாடா தேயுற வரைக்கும் ரீவைண்ட் பண்ணிக் கேட்டுத்தான் ஒவ்வொரு பாட்டையும் பிடிப்போம். எல்லாமே ராஜா பாட்டு. எங்களுக்கு வேற சாமி கிடையாது.

1992ல ரோஜா வந்துச்சு. 1993ல ஜென்டில்மேன். கொடைக்கு வர்ற சனம் புதுப் பாட்டு கேட்டு சீட்டு அனுப்ப ஆரம்பிச்சுது. ஒரு நாள் பிராக்டீஸ்ல தோழன் சொன்னான், "மக்கா, ஒரு ரிதம் பேடு வாங்கிரலாம்ல. இந்தப் பாட்டுக்கெல்லாம் காங்கோ எடுக்காது." நான் எகிறிட்டேன். இது பாட்டே இல்ல, மெஷின் சத்தம், ராஜாவுக்குத் துரோகம்னு என்னென்னவோ கத்தினேன். அவனும் திருப்பிக் கத்தினான். காங்கோவைத் தூக்கிக்கிட்டு அன்னிக்கு வெளிய வந்தவன்தான். பரீட்சை ஹால்ல பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்தும் பேசிக்கல. அவன் கல்யாணத்துக்குக் கூடப் போகல.

இதுல வேடிக்கை என்னன்னா, நாங்க யாருக்காக அடிச்சுக்கிட்டோமோ அவங்களுக்குள்ள இந்தச் சுவரே கிடையாது. ரகுமான் சின்ன வயசுல ராஜாகிட்ட கீபோர்டு வாசிச்சவர். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி சிவமணி மாதிரி கூட்டாளிகளோட 'ரூட்ஸ்'னு ஒரு பேண்டுல இருந்தவர். ராஜாவோ 1986லயே 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சேர்த்துக் காணிக்கை ஆக்கினவர். 2025 மார்ச்சுல லண்டன்ல சிம்பொனியே அரங்கேத்திட்டார். அவங்க பாட்டுக்கு எல்லையைத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்தாங்க. வேலி போட்டுக் காவல் காத்தது நம்மள மாதிரி ரசிகசிகாமணிகள்தான்.

1997ல டெல்லி. கரோல் பாக்ல மொட்டை மாடி ரூம். கூட இருந்தவன் ஒரு பெங்காலி. நான் கேசட் போட்டா அவன் ஹெட்போன் மாட்டிப்பான், அவன் போட்டா நான் டீ குடிக்கக் கீழ இறங்கிடுவேன். அப்படிப்பட்டவன் 2000 வாக்குல ஒரு நாள், வாடான்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். இந்தியன் ஓஷன் கச்சேரி. ராக்னா தலைமுடியை ஆட்டிக்கிட்டுக் கத்துவாங்கன்னு நினைச்சுப் போனேன். மேடையில ஒருத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தபலா வாசிச்சுக்கிட்டே பாடறார். அசீம் சக்ரவர்த்தி. கையும் குரலும் ஒரே ஆள்கிட்ட இருந்து, ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு வருது. ஏழு வருஷமா எதையும் தட்டாத என் விரல் தானா தொடையில தாளம் போட ஆரம்பிச்சுது. 'கந்தீசா' பாடினாங்க. கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்களோட பழைய அராமிக் துதிப்பாட்டு. டெல்லிக் கூட்டத்துல ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா எல்லாரும் கூடவே பாடினாங்க, நானும்தான்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க ஒத்திகை பார்க்கிற பழைய பங்களாவும் எங்க கரோல் பாக்லயேதான்னு. 16/330, கஜூர் ரோடு. பின்னாடி அந்த விலாசத்தையே ஒரு ஆல்பத்துக்குப் பேரா வச்சாங்க. 1990ல அசீமும் சுஷ்மித் சென்னும் ஆரம்பிச்ச குழு. ராகுல் ராம், அமித் கிலம் பின்னாடி சேர்ந்தாங்க. 1994ல இருந்து அதே நாலு பேரு. 2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அசீம் இறந்துட்டார். அவர் ஒருத்தர் பார்த்த வேலைக்கு ரெண்டு பேர் வரவேண்டியிருந்துச்சு, தபலாவுக்கு ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர். 2013ல சுஷ்மித்தும் விலகிட்டார். ஆனா குழு நிக்கல, இன்னிக்கும் வாசிச்சுக்கிட்டு இருக்காங்க. அசீம் போன சேதி வந்த அன்னிக்கு அந்தப் பெங்காலிக்குத்தான் முதல்ல போன் போட்டேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

யோசிச்சுப் பாருங்க. எனக்கு ஹிந்துஸ்தானி பிடிச்சுது, பாவுல் பிடிச்சுது, பழைய ரபி பாட்டு பிடிச்சுது. எதுவும் நானா தேடிப் போனதில்ல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கான். பெங்காலி ரூம்மேட், ஆபீஸ்ல டப்பா பகிர்ந்த பஞ்சாபி, எதிர்வீட்டு மராத்தி மாமி. ரசனை மாறுதுங்கறோம். நிஜத்துல மாறினது பக்கத்துல உட்கார்ந்து கேக்கற ஆள்தான்.

இதைச் சொன்னா நம்ம வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள்ல நிறைய பேருக்குக் கோபம் வரும்னு தெரியும். "பிள்ளைங்க தமிழ்ப் பாட்டே கேக்க மாட்டேங்குது"ங்கறது பொங்கல் விழாவுல எல்லார் வாயிலயும் வர்ற புலம்பல். என் வீட்டம்மாவும் அந்தக் கட்சிதான். "எழுதப் படிக்கத்தான் வரல, பாட்டாவது மிஞ்சட்டும்னு பாக்கறேன்"பா. நியாயமான பயம். நான் மறுக்கல.

ஆனா நமக்கு ராஜா பாட்டு எப்படிப் பிடிச்சுது? யாராவது மண்டையில குட்டிக் கேக்கச் சொன்னாங்களா? டீக்கடை, டவுன் பஸ்ஸு, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், கூட நாலு சேக்காளி. இதுல எதுவுமே நம்ம பிள்ளைங்களுக்குக் கிடையாது. ஐநூறு பாட்டை போன்ல ஏத்திக் கொடுத்து "கேளு, இதான் சங்கீதம்"னா அது பாட்டு இல்ல, ஹோம்வொர்க். அவங்க பாட்டை மட்டம் தட்டிட்டு நம்ம பாட்டைக் கொடுத்தா சுத்தமா வாங்கிக்க மாட்டாங்க. நான் வாங்கிக்கிட்டேனா 1993ல?

ரெண்டு வருஷம் முன்னாடி ஊர்க் கொடைக்குப் போனப்ப அவனைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம். தலை நரைச்சு, கண்ணாடி போட்டு. டீ சொன்னான். கொஞ்ச நேரம் பிள்ளைங்க படிப்பு, சுகர் மாத்திரைன்னு சுத்தி வளைச்சோம். அப்புறம் அவனே கேட்டான், "ஏல, அன்னிக்கு எதுக்குல அப்படிக் கோவிச்ச?"

"என்னை வெட்டிவிட்டுட்டு மெஷின் வாங்கப் போறேன்னு சொன்னியே."

கிளாஸைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தான். "கிறுக்கா, பேடு தானா அடிக்குமால? உனக்குத்தாம்ல வாங்கச் சொன்னேன். நீதான வாசிக்கணும்."

வேற ஒண்ணும் சொல்லல. நானும்தான். ராஜாவுக்காகக் கொடி பிடிச்சதா இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நிஜத்துல, என்னை விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயம். இன்னிக்குப் பொண்ணு பாட்டு மேல வர்ற எரிச்சலும் அதே பயம்தானோன்னு தோணுது.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். ஆசிரமம் சிக்னல்ல வண்டி நின்னப்ப கேட்டேன், "சரி, இவங்க யாரும்மா, சொல்லேன்." முதல்ல நம்பாம பார்த்தா. அப்புறம் குர்கான் வரைக்கும் நிறுத்தவே இல்ல. பி.டி.எஸ்., ஏழு பேரு, 2013ல இருந்து ஒண்ணா இருக்காங்க. 2022 கடைசியில இருந்து ஒவ்வொருத்தரா கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டி வந்துச்சாம். 2025 ஜூன்ல கடைசி ஆள் திரும்பி வந்த அன்னிக்கு இவ அழுதாளாம். நான் அதே வீட்டுலதான் இருந்தேன், எனக்குத் தெரியாது.

அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா திரும்பி வர்றப்ப, "அப்பா, நீங்க டிரம்ஸ் வாசிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க"ன்னா.

டிரம்ஸ் இல்லம்மா, டிரிபிள் காங்கோ.