பட்டியலில் பேர் இருக்கு... தேடினால் வரல! - வாக்காளர் பட்டியல் தேடலில் என்னதான் சிக்கல்?

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். இதே பெயரை 'சவுந்தரம்' என்று எழுதுபவர்கள் உண்டு. செல்போனில் ஒற்றைக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் 'ள' சேர்த்து 'செளந்தரம்' ஆக்குபவர்களும் உண்டு. நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

சாதாரண நாளில் இது ஒரு எழுத்துப்பிழை ஜோக். ஆனால் 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம், அதாவது எஸ்ஐஆர் தொடங்கியபோது ஜோக்காக இல்லை. 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பேரோ, பெற்றோர் பேரோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடி ஆனது. நீக்கப்பட்டவை 97.37 லட்சம் பெயர்கள். இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு போன்றவைதான் ஆணையம் சொன்ன காரணங்கள். தேடல் கோளாறால்தான் பேர் போனது என்று யாரும் முடிச்சுப் போட முடியாது. ஆனால், 'தேடினேன், வரல' என்பதை 'பட்டியலிலேயே பேர் இல்ல' என்று எடுத்துக்கொள்ளும் குழப்பம் தவிர்க்கக்கூடியது.

தேடல் எப்படி வேலை செய்யுது?

தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டியதும், கம்ப்யூட்டர் பல கோடி வரிகளையும் முதலில் இருந்து படிப்பதில்லை. அது பார்ப்பது, முன்கூட்டியே தயாரித்து வைத்த ஒரு சொல்லடைவை. கனமான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் 'இந்தச் சொல் இந்தப் பக்கங்களில்' என்று இருக்குமே, அதேதான். இதைத் தயாரித்துத் தரும் மென்பொருள் நூலகங்களில் புகழ்பெற்றது லூசீன். டக் கட்டிங் 1999-ல் எழுதியது. இன்று பல நிறுவனங்கள் பயன்படுத்தும் எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டுமே இதன் மேல் கட்டப்பட்டவை. 2016-ல் பனாமா ஆவணங்கள் கசிந்தபோது, 1.15 கோடி கோப்புகளைப் பத்திரிகையாளர்கள் துழாவியது சோலர் உதவியுடன்தான்.

சொல்லடைவில் ஏறாத சொல், ஆவணத்தில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். அங்கேதான் தமிழுக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது.

'சின்னாளப்பட்டியில்', 'சின்னாளப்பட்டிக்கு' இரண்டும் ஒரே ஊர் என்று மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். விகுதியை வெட்டி வேர்ச்சொல்லை எடுக்கும் தமிழ் வசதி லூசீனில் இப்போது இருக்கிறது. ஆனால், ஆள் பெயரில் அதே கத்தியை வைத்தால் பேரே சிதையும். பழைய வாக்காளர் அட்டை எண்கள் இன்னொரு ரகம்: சாய்கோடுகளோடு நீளமாக இருக்கும். லூசீனின் வழக்கமான பிரிப்பான் சாய்கோட்டைப் பார்த்ததும் எண்ணைத் துண்டு துண்டாக்கிவிடும். எண்ணை அப்படியே வை என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

எழுத்து வேறுபாட்டுக்கு ஒரு மருந்து உண்டு. 'கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் காட்டு' என்கிற தேடல். லூசீன் இதில் இரண்டு மாற்றங்கள் வரை பொறுத்துக்கொள்ளும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் குறியாகக் கணக்கு. சௌந்தரம், சவுந்தரம், செளந்தரம் மூன்றும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். 'சின்னாளப்பட்டி'யில் ஒற்று விட்டு 'சின்னாளபட்டி' என எழுதினாலும் பிடித்துவிடும். ஆனால், இலவச இணைப்பாக 'சின்னாளப்பட்டு'ம் வரும். ஊரைத் தேடினால் சேலை! 'ராணி'யைத் தேடினால் 'ராஜா'வும் வருவார், அதுவும் இரண்டே மாற்றம்தான். அதனால் இந்தத் தேடலை அப்பா பெயர், வயது, தொகுதி ஆகியவற்றோடு சேர்த்து வடிகட்டினால்தான் பயன்.

தொகுதியும் லேசுப்பட்டதில்லை. சின்னாளப்பட்டி இருப்பது ஆத்தூர் சட்டமன்றத் தொகுதி. சேலம் மாவட்டத்திலும் ஒரு ஆத்தூர் தொகுதி இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. வித்தியாசம் எண்ணில்தான்: திண்டுக்கல் ஆத்தூர் 129, சேலம் ஆத்தூர் 82. போதாக்குறைக்கு, 2002 பட்டியல் 2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தையது. எல்லைகளும் எண்களும் இன்றைக்கு இருப்பவை அல்ல.

அப்போ முழுப் பட்டியலையும் தேடும்படி கொடுத்தால் என்ன?

இங்கேதான் அரசியல் வருகிறது. 2018 முதல் ஆணையம் பட்டியலைப் படமாக, பிடிஎஃப் வடிவில் வெளியிடுகிறது. படத்தில் இருப்பது எழுத்து அல்ல, புள்ளிகள். அதிலிருந்து நேரடியாகச் சொல்லடைவு போட முடியாது. எழுத்து வடிவில் வேண்டும் என்று கமல்நாத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தள்ளுபடி செய்தது. 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி அதே கோரிக்கையை மீண்டும் எழுப்பினார். எபிக் எண் போட்டு இணையதளத்தில் தேடுவது வேறு, மொத்தக் கோப்பையும் கணினி படிக்கும் வடிவில் தருவது வேறு என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார். பின்னதைத் திருத்தித் தவறாகப் பயன்படுத்தலாம் என்பது ஆணையத்தின் வாதம்.

அந்தக் கவலையைத் தூக்கிப் போட முடியாது. பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் ஒரே கோப்பில் கிடைத்தால் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. ஆனால், பூட்டு யாரைத் தடுக்கிறது? பணமும் ஆளும் உள்ள கட்சி, படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓசிஆர் மென்பொருளை ஓட்டித் தனக்கென ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது, செல்போனில் பக்கம் பக்கமாகப் பெருக்கிப் பார்க்கும் தனிமனிதர்தான்.

நடுவழியும் இருக்கிறது. பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களை, வாக்குச்சாவடி வாரியாக, எபிக் எண்ணால் தேடும்படி வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆணையமும் வெளியிட்டது. ஆனால் எண் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வழி. இருபது வருஷத்துக்கு முந்தைய அம்மாவின் அட்டையைத் தொலைத்தவருக்குப் பெயரை விட்டால் வேறு வழியில்லை.

அப்படித் தேடுபவர்கள் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடலாம். 'சௌ' வராவிட்டால் 'சவு', 'சண்முகம்' வராவிட்டால் 'ஷண்முகம்'. அப்பா அல்லது கணவர் பெயரை வைத்தும் பார்க்கலாம். அதற்கும் வரவில்லை என்றால், பழைய வாக்குச்சாவடியின் பாகத்தை இறக்கித் தெருப் பெயரைப் பிடித்து வரிவரியாகப் பார்ப்பதுதான் மிச்சம்.