பூனைக்குக் கட்டி வந்தால்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் ஒரு சகோதரி, தன் வீட்டுப் பூனையின் வயிற்றில் ஏதோ கட்டி தட்டுப்படுவதாகச் சொன்னார். "பூனைக்கெல்லாம் டாக்டரா? தானே அமுங்கிவிடும்" என்று எதிரே இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் செம்பூர் வீட்டில் மீனு ஒன்பது வருடம் இருந்தாள். நான்கு வயதில் ஒரு கடுவனோடு சண்டை. இரண்டே நாளில் வாலடியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். தொட்டால் சூடு, வலி. பூனைப் பல் போட்ட துளை சின்னது. மேலே மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டிவிடுகிறது. டாக்டர் கீறிச் சீழை எடுத்து மருந்து கொடுத்தார். பத்து நாளில் ஆறிவிட்டது. அந்தக் கட்டிதான் எனக்குத் தவறான பாடம் சொல்லிக்கொடுத்தது.

ஒன்பதாம் வயதில், அடிவயிற்றில் காம்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒன்று. சூடில்லை, வலியில்லை, நன்றாகச் சாப்பிட்டாள். ஊரிலிருந்து அம்மா, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னார்கள். (பூனை எதையும் நக்கிவிடும், நல்லவேளை, போடவில்லை.) மே மாத விடுமுறை, திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று; வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் விட்டுப் போனோம். திரும்பியபோது கட்டி நெல்லிக்காய் அளவு. எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் புற்று. ஆடி பிறக்குமுன் போய்விட்டாள்.

வலிக்காத கட்டி நல்ல கட்டி என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பிழை. பூனையின் பால்சுரப்பியில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் புற்றுதான். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே அறுத்தெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆறு மாத வயதுக்குள் கருத்தடை செய்துவிட்டால் இந்த நோய் வருவதே அரிது. "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று தள்ளிப்போட்டவள் நான்.

எது சீழ், எது புற்று என்று விரலால் சொல்ல முடியாது. டாக்டர் மெல்லிய ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டில் பிதுக்கிப் பார்க்காதீர்கள். வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். செலவுக்குத் தயங்குபவர்கள் பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

மறுநாளே அந்தச் சகோதரிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரருக்கு லீவாம், அன்றைக்குப் போகிறார்களாம். இன்றைக்கே ஆட்டோ பிடியுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன்.